நிலக்கரி வண்டி கற்றுத் தந்த விளையாட்டு!

முதலில் ஒரு விடுகதை.

"எஞ்சின் கிடையாது, ரயிலைப் போல ஓடும். டிரைவர் கிடையாது, வளைவு தவறாது. ஒரே ஒரு முறை தூக்கி விட்டால் போதும், ஒன்பது முறை ஏறி இறங்கும். அது என்ன?"

கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆம், ரோலர் கோஸ்டர்தான்!

பள்ளிச் சுற்றுலா என்றதும் நம் நெய்வேலிப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சார், ரோலர் கோஸ்டர் இருக்கிற இடத்துக்குப் போவோமா?" என்பதுதான். விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் தாண்டிச் சென்னைப் பக்கம் போய்ச் சேர வேண்டும். முன்பெல்லாம் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., தாம்பரம் அருகே கிஷ்கிந்தா என்று போவார்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் காலுக்குக் கீழே இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது! கால்கள் அந்தரத்தில் தொங்கும்.

"அதற்கும் நெய்வேலிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. இந்த விளையாட்டை வளர்த்துவிட்டதில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பனிக்கட்டிச் சறுக்கு

கதையை ரஷ்யாவில் தொடங்குவோம். அந்த நாட்டில் குளிர்காலம் மிக நீண்டது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரப் பகுதியில் மரத்தால் உயரமான சாரம் கட்டி, அதன்மேல் தண்ணீரை ஊற்றுவார்கள். தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆகிவிடும். பிறகென்ன? சறுக்குப் பலகையில் உட்கார்ந்து, உச்சியிலிருந்து 'சர்ர்ர்' என்று இறங்க வேண்டியதுதான்!

இந்த விளையாட்டு பிரான்ஸ் நாட்டுக்குப் போனது. அங்கே ரஷ்யாவைப் போலக் குளிர் இல்லை, பனிக்கட்டி நிற்காது. அதனால் பலகைக்குச் சக்கரம் மாட்டினார்கள். 1817-ம் ஆண்டில், சக்கரம் பாதையை விட்டு விலகாத மாதிரி அமைத்த வண்டிகள் பாரிஸ் நகரில் ஓடின.

ஒரு வேடிக்கை தெரியுமா? பிரெஞ்சு மொழியில் ரோலர் கோஸ்டருக்கு இன்றைக்கும் 'ரஷ்ய மலைகள்' என்றுதான் பெயர். ஆனால் ரஷ்யர்களோ அதை 'அமெரிக்க மலைகள்' என்கிறார்கள்! அமெரிக்கா எப்படி வந்தது? இனிமேல்தான் நம் நிலக்கரி வருகிறது.

சவாரி செய்த கழுதைகள்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்று ஓர் ஊர் இருந்தது. இன்று அதன் பெயர் ஜிம் தோர்ப். அதன் அருகில் சம்மிட் ஹில் என்ற மலைமேல் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. வெட்டிய கரியைச் சுமார் 14 கி.மீ. தொலைவில், பள்ளத்தாக்கில் உள்ள ஆற்றங்கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1827-ல் அதற்காகத் தண்டவாளம் போட்டார்கள்.

இறங்கும்போது எஞ்சினே தேவைப்படவில்லை. மலைச் சரிவில் கரி வண்டிகள் தாமாகவே உருண்டு இறங்கின. வேகம் மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ள பிரேக் பிடிக்கும் ஓர் ஆள் மட்டும் போதும். ஆனால் காலி வண்டிகளைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டுமே? அதற்குக் கோவேறு கழுதைகளைப் பூட்டினார்கள். மேலே இழுத்துச் செல்ல மணிக்கணக்கில் ஆகும். கீழே வர அரை மணி நேரம்தான்!

மேலே போன கழுதைகள் கீழே வருவது எப்படி? அவற்றுக்கென்று தனி வண்டி! கரி வண்டிகளுக்குப் பின்னால் அந்த வண்டியில் ஜம்மென்று நின்றபடி கழுதைகள் சவாரி செய்து இறங்கின. இந்தச் சுகம் பழகிய பிறகு, அவற்றை நடந்து இறங்கச் சொன்னால் அடம்பிடித்து மறுத்தன என்று அந்தக் காலத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கழுதைக்கே இவ்வளவு ஆசை என்றால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள். பிற்பாடு வண்டிகளை மேலே இழுக்க நீராவி எஞ்சின்கள் வந்தன. 1872-ல் கரியைக் கொண்டுபோக வேறு ரயில் பாதை கிடைத்ததும், இந்தப் பாதை முழுக்க முழுக்கச் சுற்றுலாப் பயணிகளின் பாதையாகிவிட்டது. 1933 வரை அது ஓடியது.

அதைப் பின்பற்றி, நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் 1884-ல் லமார்கஸ் தாம்சன் என்பவர் விளையாட்டுக்கென்றே ஒரு பாதை அமைத்தார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. உங்கள் சைக்கிளே அதை முந்திவிடும்! ஆனாலும் கூட்டம் அலைமோதியது.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். அங்கே நிலக்கரி மலை உச்சியில் இருந்தது. இங்கே பழுப்பு நிலக்கரி பூமிக்கு அடியில், பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே கரி தானாக இறங்கியது. இங்கே கரியை மேலே ஏற்றியாக வேண்டும். அதனால்தான் நம் சுரங்கத்தில் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வெட்டிப்போடும் கரியை, கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகள் மேலே சுமந்து வருகின்றன. 1957-ல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த சுரங்கப் பணியில், 1961-ல்தான் கரி கண்ணில் பட்டது. அதுவரை மேலே மூடிக் கிடந்த மண்ணை அள்ளி அள்ளி வெளியே போட்டார்கள்.

இறங்குவது இலவசம், ஏறுவதற்குத்தான் செலவு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரோலர் கோஸ்டரின் ரகசியமே இதுதான்.

கீழே நின்றவன் கண்டது

நான் வேலையில் இருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம். ரோலர் கோஸ்டர் வாசலில் உயரம் பார்க்க ஓர் அளவுக் கோடு போட்டிருந்தார்கள். வகுப்பிலேயே குள்ளமான ஒரு பையன், அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை குறைந்துவிட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், ஷூவுக்குள்ள கர்சீப்பை மடிச்சு வச்சுக்கட்டுமா?" என்று என் காதருகே கேட்டான்.

"வேண்டாம்ப்பா. வா, நாம கீழே இருந்து பார்ப்போம்" என்று பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பார்க்க ஆரம்பித்தான். மூன்று முறை, நான்கு முறை வண்டி சுற்றி வந்தது. திடீரென்று கேட்டான்:

"சார், முதல் மேடு மட்டும் ஏன் அவ்ளோ பெரிசு? அப்புறம் வர்ற மேடெல்லாம் சின்னதாகிட்டே போகுதே?"

சவாரி செய்து வந்த முப்பது பேரிடமும் இதைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் கண்ணையே திறக்கவில்லையாம்! திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன்தான் எல்லோருக்கும் விளக்கினான்.

அவன் சொன்னது என்ன?

'டக் டக் டக்' என்ற சத்தத்தோடு முதல் மேட்டில் ஒரு சங்கிலி வண்டியை மேலே இழுக்கிறது. அந்தச் சங்கிலியைச் சுற்றுவது மின்சார மோட்டார். (அந்தச் சத்தம் பயமுறுத்த அல்ல! சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி, ஒரு கொக்கி பல் பல்லாக மாட்டிக்கொண்டே வருகிறது. அதன் சத்தம்தான் அது.)

உச்சியை அடைந்ததும் சங்கிலி விட்டுவிடும். அதன் பிறகு வண்டிக்குச் சொத்து அந்த உயரம் மட்டுமே. இறங்கும்போது உயரம் வேகமாக மாறுகிறது. ஏறும்போது வேகம் மறுபடி உயரமாக மாறுகிறது. நடுவில் சக்கரத்தின் உராய்வும் எதிர்காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொண்டே இருக்கின்றன. கையில் இருக்கும் காசு குறையக் குறையச் சின்னச் சின்னப் பொருளாகத்தானே வாங்க முடியும்? அதுபோலத்தான் அடுத்தடுத்த மேடுகளும். முதல் மேட்டைவிட உயரமான இரண்டாவது மேட்டை வைத்தால், வண்டி பாதியில் நின்று பின்னால் வந்துவிடும். (சில புதிய வண்டிகளில் சங்கிலிக்குப் பதில் மோட்டார் விசை தள்ளிவிடும். அங்கும் செலவு முன்பணம்தான்!)

20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், அடிவாரத்தில் வேகம் மணிக்குச் சுமார் 71 கி.மீ. இந்த வேகம் இரண்டு மடங்காக வேண்டுமா? உயரம் நான்கு மடங்கு வேண்டும்!

சரி, அந்த மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பல இடங்களிலிருந்து வருகிறது. அவற்றில் நம் நெய்வேலியும் ஒன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெயில் குடித்து வளர்ந்த மரங்கள், மண்ணுக்குள் புதைந்து பழுப்பு நிலக்கரி ஆயின. அதை எரித்து, நீராவி ஆக்கி, மின்சாரம் எடுக்கிறோம். உங்கள் அப்பாவோ பக்கத்து வீட்டு மாமாவோ நைட் ஷிப்ட் பார்த்து எடுத்த கரியும், அந்த வண்டியை உச்சிக்கு ஏற்றியதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். நீங்கள் 'ஓ' என்று கத்திக்கொண்டு இறங்குவது, என்றோ அடித்த வெயிலின் சக்தியில்!

அடிவயிறு ஏன் கூசுகிறது?

பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? மேட்டில் ஏறி 'திடுக்' என்று இறங்கும்போது அடிவயிறு கூசுமே, அதே கதைதான். வண்டி சட்டென்று கீழே போகிறது. உங்கள் உடம்போ ஏறிய வேகத்தில் இன்னும் மேலேயே போகப் பார்க்கிறது. அந்த ஒரு நொடி சீட் உங்களைத் தாங்குவதில்லை. வயிற்றுக்குள் உள்ள உறுப்புகளும் எடையற்றது போல் ஆகின்றன. உடனே கூச்சம்!

தலைகீழாகச் சுற்றும்போது ஏன் விழுவதில்லை? தண்ணீர் வாளியை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள், ஒரு சொட்டும் சிந்தாது. வேகமாகச் சுற்றும் வண்டி உங்களை இருக்கையோடு சேர்த்து அழுத்துகிறது. 1895-ல் கோனி தீவில் சரியான வட்டமாக ஒரு வளையம் கட்டினார்கள். அதற்குள் நுழையும்போது அழுத்தம் தாங்காமல் பயணிகளின் கழுத்து வலித்தது. இப்போதைய வளையங்களைக் கூர்ந்து பாருங்கள். அவை வட்டமாக இருக்காது, தலைகீழாகத் திருப்பிய நீர்த்துளி போல இருக்கும். அழுத்தம் திடீரென்று தாக்காமல், படிப்படியாக ஏறுவதற்காக இந்த வடிவம்.

சக்கரத்தையும் கவனியுங்கள். பாதையின் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று விதச் சக்கரங்கள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அடிச் சக்கரத்துக்கு 1919-ல் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். மேட்டில் வண்டி எம்பிக் குதிக்கப் பார்த்தாலும் அது விடாது.

அந்தக் கோடு யாருக்காக?

வண்டியைச் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. உங்களை யார் பிடித்துக்கொள்வது? மடிமேல் அல்லது தோள்மேல் அழுந்தும் கம்பிதான். அது ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்காகச் செய்யப்பட்டது. அதைவிடச் சிறிய உடம்பு இடைவெளி வழியே நழுவக்கூடும். குதிகாலை உயர்த்தி நின்றாலும், ஷூவுக்குள் கர்சீப் வைத்தாலும் கோட்டை ஏமாற்றலாம், கம்பியை ஏமாற்ற முடியாது. ஆகவே அந்தக் கோடு உங்களை அவமானப்படுத்த வரைந்ததல்ல, உங்கள் உயிருக்காக வரைந்தது.

கம்பி இறுக்கமாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வண்டி கிளம்பும் முன்பே கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். கண்ணாடி, செல்போன், பைகளை ஏறுமுன் கொடுத்துவிடுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து நேராக உட்காருங்கள். வண்டி முழுதாக நிற்கும் முன் எழாதீர்கள். பயமாக இருந்தால் "நான் வரவில்லை" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லவும் தைரியம் வேண்டும். சொல்பவரைக் கேலி செய்யாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம்!

பழைய தோட்டத்து ஹோஸ் பைப் ஒன்றைப் பெரியவர்களிடம் கொடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தரச் சொல்லுங்கள். நீண்ட வாய்க்கால் கிடைக்கும். ஒரு முனையை நாற்காலிமேல் வையுங்கள். நடுவில் புத்தகங்களை அடுக்கி ஒரு மேடு அமையுங்கள். மேலிருந்து கோலிக்குண்டை உருட்டிவிடுங்கள். ஒவ்வொரு புத்தகமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். எத்தனையாவது புத்தகத்தில் குண்டு மேட்டைத் தாண்டாமல் திரும்பி வருகிறது? நோட்டில் எழுதுங்கள். அந்த மேடு, நாற்காலி உயரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அடுத்த சுற்றுலாவில் உங்கள் முறை வரும் வரை வரிசையில் நிற்க வேண்டியிருக்குமே, அப்போது முதல் மேட்டை அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் நிற்கும் தம்பி தங்கைக்கும் விளக்கிச் சொல்லுங்கள். பிறகு வண்டியில் ஏறி, கண்களை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்!