தொட்டால் மயக்கமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே, ஈஸ்ட் லிவர்பூல் என்னும் சிறு நகரில், 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் தமது சட்டையிற் படிந்திருந்த தூளைக் கையால் தட்டிவிட்டார். பின்னர் மயங்கி வீழ்ந்தார். அது பென்டனில் என்னும் கடும் போதைமருந்தென்றும், தொட்டதே மயக்கத்துக்குக் காரணமென்றும் பத்திரிகைகள் எழுதின. படித்தவர் நெஞ்சம் நடுங்கும் செய்தியன்றோ!

அவ்வாண்டு ஜூலையில் அந்நாட்டு நச்சியல் வைத்தியர்களின் இரு அமைப்புக்கள் கூட்டறிக்கையொன்றை வெளியிட்டன. தற்செயலாகத் தோலிற் பட்ட பென்டனில் ஒருவரை வீழ்த்துவது மிக அரிது என்பது அவர்தம் முடிபு. நோவு தணிக்க வைத்தியர்கள் தோலில் ஒட்டும் பென்டனில் பட்டிகூட முழுப்பயன் தரப் பல மணி நேரம் செல்லும். ஆயினும், தொட்டு மயங்கிய கதைகள் பின்னரும் வந்தவண்ணமே இருந்தன. அச்சத்துக்கு இருக்கும் கால் மறுப்புக்கு இல்லைப் போலும்!

நாம் இதனைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. இம்மருந்து மிகுந்தால் மூச்சை அடக்கியே கொல்லும். நலோக்சோன் என்னும் மாற்று மருந்தை மூக்கிலே பீச்சி, வாயோடு வாய்வைத்து மூச்சூட்டினால் உயிர் மீளக்கூடும். வைத்தியர் சீட்டின்றியே அம்மருந்தை விற்க 2023இல் அங்கு அனுமதி அளிக்கப்பட்டது. மருந்து வீட்டிலேயே இருந்தும், பத்திரிகையிற் படித்ததை நினைத்து, மூச்சடங்கிக் கிடக்கும் மகனைத் தொட அஞ்சித் தாயொருத்தி வாயிலில் நின்றுவிட்டால்? அவளுக்கு இருப்பவை சில நிமிடங்களே. கையிற் பட்ட தூளைப் பிறகு தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளலாம்.