வாங்கும் முன் இரண்டு மாதம்

கோடையில் டெல்லியின் வெப்பநிலையைச் சொல்லும் செய்திகளில் சஃப்தர்ஜங், பாலம் என்ற பெயர்களோடு லோதி ரோடும் வரும். வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. மே மாதத்தில் அங்கே 44 டிகிரி என்பது புதிதல்ல. சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ், ஸ்கோப் காம்ப்ளெக்ஸ், இந்தியா ஹாபிடட் சென்டர் என்று அலுவலகங்கள் நிறைந்த சாலையும் அதுவே. மயூர் விஹாரிலிருந்தோ ஆர்.கே.புரத்திலிருந்தோ அங்கே வேலைக்கு வருபவருக்குப் பத்து கிலோமீட்டர் சுமாருக்குத்தான் தூரம். சைக்கிளில் வரலாமே என்றால், "வேர்த்து விறுவிறுத்து வந்து எப்படி சார் சீட்டில் உட்காருவது?" என்பார். நியாயமான கேள்வி. இயற்பியலும் அவர் பக்கம்தான்.

நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். சமதரையில் 20 கி.மீ. வேகத்தில் போக 100 வாட் தேவை என்று வைத்துக்கொண்டால், கூடவே 300 வாட் வெப்பம் உடம்புக்குள் பிறக்கிறது. அதை வெளியேற்றத்தான் வியர்வை. மேம்பாலம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆளும் வண்டியுமாக 100 கிலோ, நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் ஏற்றம், 15 கி.மீ. வேகம் என்றால், ஏறுவதற்கு மட்டும் கூடுதலாக 160 வாட் வேண்டும். பந்தய வீரர் தாக்குப்பிடிப்பார், செக்‌ஷன் ஆபீசர் இறங்கித் தள்ளுவார்.

மின்சார சைக்கிளின் மோட்டார் கைகொடுப்பது அந்த இடத்தில்தான். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கி.மீ.க்கு உட்பட்ட வேகம் என்ற வரம்புக்குள் இருந்தால் நம் சட்டப்படி அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். பெடலை மிதிக்கும்போது சென்சார் அதை உணர்ந்து மோட்டாரை இயக்கும். பாதிச் சுமையை மோட்டார் வாங்கிக்கொண்டால் உடம்பில் பிறக்கும் வெப்பமும் பாதியாகும். மூச்சு வாங்குவதும் குறையும். டெல்லிக் காற்றில் அது சின்ன விஷயமல்ல.

செலவோ சொற்பம். கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி போதும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். அதில் போகவர இருபது கிலோமீட்டரை முடித்துவிட்டு மிச்சமும் வைக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட். அதில் 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 200 வாட்-மணி தின்கிறது. இருபது மடங்கு! (சைக்கிள்காரரின் காலும் உழைக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.)

இத்தனை இருந்தும் சாலையில் அவ்வளவாகக் காணோமே? அரசு இதுவரை கண்ட பதில் பணம். 2022-இல் டெல்லி அரசு மின்சார சைக்கிளுக்கு விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 5,500 ரூபாய் மானியம் அறிவித்தது. லோதி ரோடு ஸ்கோப் காம்ப்ளெக்ஸிலிருந்து இயங்கிய இ.இ.எஸ்.எல். என்ற பொதுத்துறை நிறுவனம், 2017-இல் அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின்சாரக் கார்களுக்கு டெண்டர் விட்டது. அதன் துணை நிறுவனம் சி.இ.எஸ்.எல்., 2021-இல் ஆந்திர அரசு ஊழியர்களுக்கு 25,000 மின்சார இருசக்கர வாகனங்களைத் தவணையில் தர ஒப்பந்தம் போட்டது. ஆக, அதிகாரிக்குக் கார், ஊழியருக்கு இ.எம்.ஐ. 'இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்' என்று சொல்லும் திட்டம் எதுவும் இந்த வரிசையில் இல்லை.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அப்படிச் செய்து பார்த்தார்கள். 80 ஊழியர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மின்சார சைக்கிள் இரவல். முடிவுகள் 2017-இல் வெளியாயின. முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது ஓட்டினார்கள். ஒருவருக்குச் சராசரியாக வாரம் 24 முதல் 32 கி.மீ.; கார் ஓடிய தூரம் 20 சதவீதம் குறைந்தது. ஆஸ்லோவில் 66 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், நாளொன்றுக்கு 4.8 கி.மீ. சைக்கிள் ஓட்டியவர்கள் 10.3 கி.மீ. ஓட்டத் தொடங்கினார்கள். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் இன்னும் கறார்: கார் சாவியை ஒப்படைத்தால்தான் சைக்கிள், அதுவும் இரண்டு வாரம் மட்டும். ஓராண்டு கழித்து விசாரித்தபோது, சைக்கிள் வாங்காதவர்களிடம்கூடக் காரை யோசிக்காமல் எடுக்கும் பழக்கம் தளர்ந்திருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான். காலையில் எந்த வண்டி என்று யாரும் தினமும் கணக்குப் போடுவதில்லை. கை தானாகச் சாவியைத் தேடும். மானியம் கணக்குப் போடுகிறவரிடம்தான் பேசும். பழக்கத்தை உடைக்க, வேறொன்று சில வாரம் கையில் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பதால், எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். டெல்லிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. மெட்ரோவில் வருகிறவர் மாறினால் காற்றுக்கு லாபம் குறைவு. ஸ்கூட்டர், கார்காரர் மாற வேண்டும். யமுனைக்கு அப்பாலிருந்து சாதா சைக்கிளிலேயே வரும் காவலாளிக்குப் பிரசாரமே தேவையில்லை. அவருக்குத் தடை விலைதான். மானியம் போக வேண்டிய இடம் அவர் வீடு. இரவல் மற்றவர்களுக்கு.

மே, ஜூனையும் புகைமூட்டமான நவம்பர் முதல் ஜனவரி வரையிலும் விட்டுவிட்டால், பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் தலா ஒரு சுற்று நடத்தலாம். வண்டி 35,000 ரூபாய் என்றால் இருபதுக்கு ஏழு லட்சம். ஆண்டுக்கு நாற்பது பேர் ஓட்டிப் பார்ப்பார்கள். பூட்டி வைக்க நிழலான இடமும், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சில பிளக் பாயின்டுகளும் வேண்டும். பேட்டரியைப் பேஸ்மென்ட் மூலையில் சார்ஜ் போடக்கூடாது. 2017 டெண்டரில் ஒரு மின்சாரக் காரின் விலை வரியோடு 11.2 லட்சம்.