மின்னோட்டத்தின் கணக்கு

மாலைப்பொழுதில் குண்டு விளக்கின் ஒளியில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம். கிணற்றடியில் நீர் இறைக்கும் மோட்டாரை எவரோ இயக்குகின்றனர். அந்நொடியே விளக்கின் ஒளி சற்று மங்குகிறது. விளக்கை எவரும் தொடவில்லை. ஆயினும் அது மங்குவானேன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், மின்சுற்றுகளுக்குரிய இரு விதிகளை நாம் அறிதல் வேண்டும்.

அவ்விதிகளை வகுத்தவர் குஸ்தாவ் கிர்க்காஃப் என்னும் அறிஞர். அவர் 1824-ஆம் ஆண்டில் பிரஷ்யாவிலுள்ள கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று ரஷ்ய நாட்டில் கலினின்கிராடு என வழங்குகிறது. அங்குப் பல்கலைக்கழக மாணவராய் இருந்தபொழுதே, 1845-ஆம் ஆண்டில், அவர் இவ்விதிகளை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 21.

அவருக்கு முன்னரே, 1827-இல், ஜார்ஜ் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஓர் உண்மையை வெளியிட்டிருந்தார். கம்பியின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை அதன் தடையால் வகுத்தால், அதில் ஓடும் மின்னோட்டம் கிடைக்கும் என்பதே அது. ஆயின், கம்பிகள் பல கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடுமிடத்து, ஒவ்வொரு கிளையிலும் ஓடுவது எவ்வளவு? அதனைக் கணக்கிடும் பொது வழியையே கிர்க்காஃப் காட்டினார்.

கம்பிகள் பல கூடுமிடம் சந்தி எனப்படும். ஒரு சந்தியை வந்தடையும் மின்னோட்டங்களின் கூடுதல், அதனைவிட்டு நீங்கும் மின்னோட்டங்களின் கூடுதலுக்குச் சமம். இது முதல் விதி. வாய்க்கால் இரண்டாகப் பிரியுமிடத்தில், வந்த நீரே இரு கிளைகளிலும் செல்வதை இதற்கு ஒப்பிடலாம்.

மின்கலத்தினின்று புறப்பட்டு, மூடிய வழியொன்றில் சுற்றி மீண்டும் அவ்விடத்தையே அடைந்தால், மின்கலம் தந்த மின்னழுத்தம் முழுவதும் வழியிலுள்ள தடைகளில் செலவாகியிருக்கும். இது இரண்டாம் விதி. மலையேறி இறங்கி வீடு திரும்பியவன், ஏறிய உயரம் எவ்வளவோ அவ்வளவே இறங்கியிருப்பான் அன்றோ?

இனி ஒரு கணக்கைக் காண்போம். 12 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்று. அதனுடன் 2 ஓம் தடையுள்ள கம்பி. கம்பியின் முடிவில் 6 ஓம் தடையுள்ள விளக்கு. இத்தடைகள் மாறாதன எனக் கொள்வோம். மொத்தத் தடை 8 ஓம். ஆதலின் ஓடும் மின்னோட்டம் 1.5 ஆம்பியர். கம்பியில் 3 வோல்ட் செலவாக, விளக்கிற்கு 9 வோல்ட் எஞ்சும்.

இப்பொழுது விளக்கிற்குப் பக்க இணைப்பாக, 3 ஓம் தடையுள்ள வேறொரு கருவியைச் சேர்ப்போம். இரண்டிற்கும் மின்னழுத்தம் ஒன்றே. கருவியின் தடை விளக்கின் தடையில் பாதி. ஆதலின் விளக்கில் ஒரு பங்கு ஓடினால், கருவியில் இரு பங்கு ஓடும். முதல் விதிப்படி, கம்பியில் மூன்று பங்கு ஓட வேண்டும். ஒரு பங்கு 1 ஆம்பியர் என வைத்துப் பார்ப்போம். கம்பியில் செலவாவது 6 வோல்ட். விளக்கில் செலவாவது 6 வோல்ட். கூடுதல் 12 வோல்ட். இரண்டாம் விதியும் நிறைவேறிற்று. முன்னர் 9 வோல்ட் பெற்ற விளக்கு இப்பொழுது 6 வோல்ட்டே பெறுகிறது. அது மங்கியதன் காரணம் விளங்கிற்றல்லவா? மோட்டார் புறப்படும்பொழுது மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. அதனால் கம்பியில் செலவாகும் மின்னழுத்தம் பெருகி, விளக்கின் பங்கு குறைகிறது.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். நம் கம்பியில் மின்னோட்டம் 1.5 ஆம்பியரிலிருந்து 3 ஆம்பியராக இரட்டித்தது; வெப்பமோ 4.5 வாட்டிலிருந்து 18 வாட்டாக நான்கு மடங்காயிற்று. ஒரே இணைப்பில் பல கருவிகளை மாட்டினால் கம்பி சூடேறி, அதன் உறை உருகித் தீப்பற்றவும் கூடும். அத்தீங்கு நேராவண்ணம் முதலில் தான் உருகிச் சுற்றைத் துண்டிப்பதே பியூஸ் கம்பி. அஃது அடிக்கடி உருகுகிறதே என்று சினந்து, அவ்விடத்தில் தடித்த கம்பியைக் கட்டுதல், கூவி எழுப்பும் காவற்காரனின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

மின்சாரம் தன் கணக்கில் ஒருபொழுதும் தவறுவதில்லை. அக்கணக்கை நாமும் அறிந்து நடப்போமாயின், அது நமக்கு நல்ல ஏவலாளாய் விளங்கும்.