நரம்பெடுத்த பல்லுக்கு உறை எங்கே?

மலையில் தேத்தண்ணி நேரம். ரொட்டியைக் கடித்த தோட்டத் தொழிலாளி அக்கா ஒருவரின் வாயில் ஏதோ டக்கென்று முறிந்தது. கல்லென்று நினைத்துத் துப்பினார். உள்ளங்கையில் கிடந்தது பாதிக் கடைவாய்ப்பல். எட்டு மாதத்துக்கு முன், தோட்டை அடகு வைத்து, நகரத்துத் தனியார் கிளினிக் ஒன்றில் நரம்பெடுத்த பல் அது.

"வலிதான் நின்னுருச்சே, இனி எதுக்குச் செலவுன்னு விட்டுட்டேன் தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல்லுக்கு மேல் உறை, அதாவது கிரவுன், போட்டால்தான் வேலை முடியும் என்பதை முதல் நாளே, மொத்தச் செலவோடு, யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நரம்பெடுத்த பல் செத்துக் காய்ந்துவிடுவதால் உடைகிறது என்பார்கள். ஆனால் பல்லின் பக்கச் சுவர் போவதுதான் பெரிய காரணம். 1989இல் வெளியான ஓர் ஆய்வில், வேருக்குப் போகத் துளையிட்டதால் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. முன்னும் பின்னும் இரு பக்கச் சுவரும் போன பல்லிலோ 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று, உறை போடாத பற்கள் உறை போட்டவற்றைவிட 6 மடங்கு அதிகமாகப் பறிபோனதாகக் காட்டியது. எனவே வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது: "எத்தனை சுவர் மிச்சம், டொக்டர்?" முன்பல்லில் சுவர்கள் நன்றாக இருந்தால் பல்நிற அடைப்பே பெரும்பாலும் போதும். மெல்லும் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் கடைவாய்ப்பல்லுக்கு அது போதாது.

உறையென்றால் காசு. தோட்டத் தொழிலாளருக்கு 2026 ஜனவரி முதல் 1550 ரூபாய் நாட்சம்பளமும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அந்தச் சம்பளத்தில் தனியார் கிரவுன் என்பது பல வார உழைப்பு. அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத செலவொன்று உண்டு. நரம்பெடுக்க இரண்டு மூன்று தடவை, பல்லை அராவி அளவெடுக்க ஒரு தடவை, ஒட்ட இன்னொரு தடவை. போகிற ஒவ்வொரு நாளும் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் பேர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி பஸ்ஸில் போய்வரவே பொழுது போய்விடும். வைத்தியம் இலவசமாக இருந்தாலும், நாள் இலவசமில்லை.

கையில் காசில்லையென்றால் தற்காலிக அடைப்போடு மட்டும் நிற்காதீர்கள். அது கசியும், எச்சில் உள்ளே இறங்கும், பட்ட பாடெல்லாம் வீண். பல்லின் முகடுகளைத் தாழ்த்தி மேலே மூடி அடைக்கும் வெள்ளி அடைப்பு கிரவுனைவிட மிகக் குறைந்த செலவு. ஒரே தடவையில் முடியும். நுவரெலியா, டிக்கோயா வைத்தியசாலைகளில் அதைக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் வழியில்லாத, சுவரே மிஞ்சாத பல்லென்றால் தோட்டை அடகு வைக்கும் முன்பே பிடுங்கிவிடுவது மேல். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அக்காவின் பல் ஈறுக்குக் கீழே வரை பிளந்திருந்தது. அடுத்த கிழமை பிடுங்கினார்கள். அன்றைக்கும் பேர் இல்லை. தோடு இன்னும் அடகில்தான்.