'வால்-ஈ' ஓடும் வீடு: குழந்தை சிரிக்கும் இடத்தில் பெரியவர்கள் ஏன் அமைதியாகிறார்கள்?

ஆண்டு 2805. பூமியில் மனுஷங்க யாரும் இல்லை. எங்கு பார்த்தாலும் குப்பை. அதை அள்ளி, வயிற்றுக்குள் அமுக்கி, சதுரக் கட்டியாக்கி அடுக்கிக்கொண்டே இருக்கிறது ஒரு குட்டி ரோபோ. துணைக்கு ஒரு கரப்பான்பூச்சி.

பிக்ஸார் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 'வால்-ஈ' இப்படித்தான் தொடங்குகிறது. குழந்தைகளுக்கான அறிவியல் புனைகதை. ஆனால், ஹாலில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் ஒரே குடும்பத்தை நாலு திசைக்கு இழுக்கும் படமும் இதுதான்.

பாட்டிக்கும் புரியும்

முதல் அரை மணி நேரத்துக்கும் மேல் வசனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பீப், கீச், தட்டுத் தடுமாறி ஒரு பெயர், அவ்வளவுதான். இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டனின் குழு, படம் எடுப்பதற்கு முன் சாப்ளின், கீட்டன் மௌனப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. அதனால் சப்டைட்டில் படிக்க முடியாத பாட்டியும் பள்ளிக்கூடமே போகாத வாண்டும் ஒரே வேகத்தில் கதையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆங்கிலப் படத்தில் இது அபூர்வம்.

(2009 ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் விருது 'வால்-ஈ'க்குத்தான். பாடல், இசை இரண்டிலும் போட்டியில் இருந்து, நம்ம ஏ.ஆர்.ரஹ்மானிடம் தோற்றது!)

நாற்காலி மனிதர்கள்

பூமியைக் குப்பையாக்கிவிட்டு விண்கலத்தில் ஏறியவர்கள், 700 ஆண்டுகளாக மிதக்கும் நாற்காலியில் சாய்ந்தே கிடக்கிறார்கள். முகத்துக்கு நேரே திரை, கையில் கப். முதல் ஐபோன் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்த நேரத்தில் எடுத்த காட்சி இது. இன்று செல்போனைத் தேய்த்துக்கொண்டே இதைப் பார்க்கும் அப்பாவும் அண்ணனும் லேசாக நெளிந்தால் ஆச்சரியமில்லை.

இந்தக் காட்சிதான் அமெரிக்காவில் சர்ச்சையும் ஆனது. உடல் பருமனைச் சோம்பலோடு முடிச்சுப் போடுகிறார்கள் என்று சிலர் கண்டித்தார்கள். எடையற்ற விண்வெளியில் எலும்பு தேய்ந்து, மனிதர்கள் பெரிய சைஸ் கைக்குழந்தைகளாகிவிட்டார்கள் என்பதே தங்கள் கற்பனை என்றார் ஸ்டான்டன். அவர் விளக்கம் சரியாகவே இருக்கட்டும். வீட்டில் 'குண்டு' என்று கிண்டல் கேட்டு வளரும் பிள்ளை பக்கத்தில் இருந்தால், அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்காமல் இருப்பது நல்லது.

'நம்மூரு மெஷினும் இதுதானேப்பா?'

இந்தப் படத்தை நெய்வேலி, குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு வீட்டில் போட்டால் கேள்வி வேற மாதிரி வரும். புழுதி, மண் மலை, ராட்சத இயந்திரம் எதுவுமே இந்தப் பிள்ளைகளுக்கு அறிவியல் புனைகதை இல்லை.

1956-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் என்.எல்.சி. நிலக்கரியை எடுக்க முதலில் மேல்மண்ணை நீக்க வேண்டும். சக்கரம் முழுக்க வாளிகள் கட்டிய பெரும் இயந்திரம் சுரண்டும். கன்வேயர் பெல்ட் சுமக்கும். இன்னொரு இயந்திரம் கொண்டுபோய்க் கொட்டும். குன்றுபோல மண் குவியும். வால்-ஈ சுத்தம் செய்கிற மெஷின், இது தோண்டுகிற மெஷின். ஆனாலும் ஆறு வயசுக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பதில் சொல்வதுதான் சிக்கல். ஒரு வீட்டில் அப்பாவின் சம்பளமே சுரங்கத்திலிருந்து வருகிறது. பள்ளிக் கட்டணமும், படம் ஓடுகிற டிவிக்கான கரண்டும் அதிலிருந்துதான். இன்னொரு வீட்டில் தாத்தாவின் வயல் அந்தப் பள்ளத்துக்குள் போயிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிர் மேலேயே இயந்திரங்கள் இறங்கின. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தியதுதான் என்றது நிறுவனம். விளைந்ததை அறுக்கவாவது விட்டிருக்கலாமே என்றார்கள் விவசாயிகள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கக்கூடும்.

'அதெல்லாம் கார்ட்டூன், பேசாம பாரு' என்று முடிப்பது சுலபம். ஆனால், மெஷின் என்ன செய்யுது, அந்த மண் எங்கிருந்து வருது, அங்கே முன்னாடி என்ன இருந்துச்சு என்ற மூன்றையும் தெரிந்தவரை சொல்லலாம். ஆறு வயசுக்கு அது போதும். எட்டு, ஒன்பது வயசுக்காரர்கள் அடுத்ததுக்குப் போவார்கள்: 'திரும்ப சரியாகுமா?'

படத்தில் அதற்குப் பதிலாக வருவது, பழைய ஷூவுக்குள் மண்ணோடு எடுத்துவைத்த ஒற்றைச் செடி. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வாலாஜா ஏரி இருக்கிறது. சுரங்கத்து மண் அடித்து வந்து படிந்து, பல ஆண்டுகள் மேடாகிக் கிடந்த ஏரி அது. பின்னர் என்.எல்.சி. நிதியிலேயே தூர்வாரி மீட்டார்கள். இப்போது தண்ணீர் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வரலாம். தாத்தாவையும் ஏற்றிக்கொண்டால் மீதிக் கதையை அவரே சொல்வார்.