இரத்தத்தின் தூதர்களும் தோல் புற்றுநோயும்

உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி தோன்றினால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. முள் தைத்திருக்கும், செருப்புக் கடித்திருக்கும் என்று எண்ணி வாளாவிருந்து விடுகிறோம். பெரும்பாலும் அவ்வெண்ணம் சரியே. ஆயினும் சிற்சில வேளைகளில் அப்புள்ளி, மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயின் தொடக்கமாக இருத்தல் கூடும். வெண்ணிற மக்களிடையே மிகுந்து காணப்படும் இந்நோய் நம்மவர்க்கு அரிது. வந்தாலோ, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்புறம் போன்ற இடங்களில் அடிக்கடி தோன்றுகிறது.

தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே மெலனோமா. அது தோலளவில் நிற்கும்போதே அறுத்தெடுத்தால் பெரும்பாலும் குணமாகும். ஆழ வேரூன்றி, நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றை அடைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இரத்தம் இந்நோய்க்கு வெறும் பாதை மட்டும்தானா? அன்று. இரத்தத்தில் மிதந்து செல்லும் புரதங்கள் ஓர் உறுப்பின் செய்தியை மற்றோர் உறுப்புக்குக் கொண்டு செல்லும் தூதர்கள். புற்றுநோய் இத்தூதர்களையும் தன்வயப்படுத்திக் கொள்கிறது.

வளரும் கட்டிக்கு உணவும் பிராணவாயுவும் வேண்டும். புதிய இரத்தக் குழாய்கள் முளைக்காவிடில் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர இயலாது என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எடுத்துரைத்தார். அக்குழாய்களை முளைக்கச் செய்யும் புரதத்தைப் புற்றணுக்களே சுரக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மற்றொரு புரதத்தின் பெயர் பி.டி.-எல்.1. நம்மைக் காக்கும் வெள்ளணுக்களுக்கு இயற்கை ஒரு தடைக்கட்டையை வைத்திருக்கிறது. புற்றணு இப்புரதத்தால் அதை அழுத்தி, வெள்ளணுவைச் செயலறச் செய்கிறது. நுண்ணிய குமிழிகளில் ஏற்றி இதனை இரத்தத்திலும் அனுப்புகிறது என்று 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. எனவே கட்டி ஓரிடத்தில் இருக்க, அதன் சூழ்ச்சி உடலெங்கும் பரவுகிறது.

மூன்றாவது புரதம் சூழ்ச்சிக்காரனன்று, சாட்சி. லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி, சிதையும் அணுக்களிலிருந்து இரத்தத்தில் கசிகிறது. பரவிவிட்ட மெலனோமாவில் இதன் அளவு உயர்ந்திருப்பின் நோய் கடுமையானது என்று மருத்துவர் கொள்வர். வேறு பல நோய்களிலும் இது உயருமாதலால், தொடக்கநிலைப் புற்றைக் கண்டறிய இது உதவாது.

தடைக்கட்டையின் இரகசியம் விளங்கியதும் மாற்றும் பிறந்தது. அத்தடையை நீக்கும் எதிர்ப்புரதங்களை இரத்தத்தில் செலுத்தும் சிகிச்சைக்கு வழிகோலிய ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்ஜோ ஆகிய இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். பரவிய மெலனோமா உடையோர் சிலர் இன்று பல்லாண்டு வாழ்கின்றனர். ஆனால் இச்சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை, செலவும் மிகுதி. ஆகவே, காலத்தே கண்டு அகற்றுவதே சாலச் சிறந்தது.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், மொழி தடையாயிருப்பதால் மருத்துவமனைக்குச் செல்வதை நாளை, நாளை என்று ஒத்திப்போடுகின்றனர். நேயர்களே, அத்தயக்கம் வேண்டாம். புள்ளி எப்போது தோன்றியது, பெரிதாயிற்றா, நிறம் மாறிற்றா, இரத்தம் கசிந்ததா என்னும் நான்கு விவரங்களையும் அவ்வூர் மொழியறிந்த அண்டை வீட்டாரைக் கொண்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சிறு தாள் ஓர் உயிரைக் காத்தாலும் காக்கும்.