ஏழாம் எண் கருவி

இயற்பியல் செய்முறை வகுப்பில் வெர்னியரைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? பூச்சியப் பிழையைப் பார்க்கிறீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னால் மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஏழாம் எண் கருவி பழுது என்று பிறகு தெரியவந்தால், யார் யாருடைய அளவீடுகளைத் திருத்துவது என்று அந்த எண்தானே சொல்லும்!

கணிப்பொறி உலகிலும் இதே கதைதான். 2015-இல் எத்தீரியம் என்ற வலையமைப்பு தொடங்கியது. "இன்ன நிபந்தனை நிறைவேறினால் இவ்வளவு பணத்தை இன்னாருக்குக் கொடு" என்பது போன்ற நிரல்கள் அதில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் பதிவாகின்றன. இவற்றுக்கு ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்று பெயர். பதிவான நிரலை, எழுதியவரே நினைத்தாலும் அடித்துத் திருத்த முடியாது.

மனிதர் எழுதியதை எந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. வைப்பர் என்பது அத்தகைய தொகுப்பிகளில் ஒன்று. 2021-இல் வெளிவந்த அதன் 0.2.15, 0.2.16, 0.3.0 ஆகிய பதிப்புகளில் ஒரு பிழை புகுந்துவிட்டது. ஒருவர் பணம் எடுக்கும் வேலை முடியுமுன் மறுபடி உள்ளே நுழைந்துவிடாதபடி ஒப்பந்தத்தில் ஒரு பூட்டு வைப்பார்கள். எல்லாச் செயல்களுக்கும் பொதுவாக இருக்கவேண்டிய அந்தப் பூட்டை, இந்தப் பதிப்புகள் செயலுக்கொன்றாகத் தனித்தனியே அமைத்துவிட்டன. முன்வாசலைப் பூட்டினாலும் கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது!

0.3.1 பதிப்பில் பிழை நீங்கியது. ஆனால் ஏற்கெனவே பதிவானவை? 2023 ஜூலை 30 அன்று கர்வ் என்னும் பரிமாற்ற அமைப்பின் சில ஒப்பந்தங்களிலிருந்து ஐந்து கோடி டாலருக்கு மேல் வெளியேறியது. பிற்பாடு ஒரு பகுதி திரும்பி வந்தது. மூல நிரலை வரி வரியாகப் படித்திருந்தாலும் குற்றம் அகப்பட்டிருக்காது. ஏனெனில் அதில் குற்றமே இல்லை. தங்கள் ஒப்பந்தம் தப்புமா என்று அறிய, எந்தப் பதிப்பால் அதைத் தொகுத்தார்கள் என்றுதான் பார்க்கவேண்டியிருந்தது.

எண்ணைக் குறித்துவைத்தால் மட்டும் போதுமா? வைப்பர் தொகுப்பி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. அதற்குப் பொருத்தமான பைத்தானும் துணை நிரல்களும் இல்லாத கணிப்பொறியில் அது ஓடவே ஓடாது. ஆகவே தொகுப்பியையும் அதற்கு வேண்டியவற்றையும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டி, பதிப்புக்கொரு பெட்டியாக வெளியிடுகிறார்கள். 2013-இல் வந்த டாக்கர் என்ற மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது. இப்பெட்டியை 'இமேஜ்' என்பார்கள். ஒளியியலில் நாம் படிக்கும் பிம்பத்துக்கும் இதற்கும் யாதொரு உறவுமில்லை!

பெட்டியின் மேல் 0.3.1 போன்ற சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டைப் பிய்த்து வேறு பெட்டியில் ஒட்டலாமே என்கிறீர்களா? ஒட்டலாம். 'லேட்டஸ்ட்' என்ற சீட்டோ புதுப் பெட்டி வரும்போதெல்லாம் இடம் மாறும். எனவே கவனமுள்ளவர்கள் சீட்டை நம்புவதில்லை. ஷா-256 என்னும் கணக்கீட்டின்படி, பெட்டியின் உள்ளடக்கத்திலிருந்தே 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைப் பெறலாம். பதினாறடிமான முறையில் எழுதினால் 64 குறிகள் வரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் இவ்வெண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கைரேகை போன்ற இந்த எண்ணையே அவர்கள் குறித்துவைக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்தும் அதே பெட்டியை எடுத்து, அதே மூல நிரலை அதே அமைப்புகளோடு மீண்டும் தொகுத்து, வலையமைப்பில் பதிவாகியிருப்பதுடன் ஒத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் பிழையுள்ள 0.2.15 பெட்டியை எறிந்துவிடலாமா? கூடாது. அதைக்கொண்டு உருவான ஒப்பந்தங்களைச் சரிபார்க்க அதே பெட்டிதான் வேண்டும். எங்கள் ஏழாம் எண் வெர்னியரும், அதன் பிழை எவ்வளவு என்று எழுதிய சீட்டுடன், அலமாரியில்தான் இருக்கிறது.